நிக்காஹ்வில் எளிமை: எதைக் குறைப்பது, எதைக் குறைக்கலாகாது?

சென்னை போன்ற நகரங்களில் வாழும் படித்த முஸ்லிம் குடும்பங்கள் திருமணப் பேச்சைத் தொடங்கும்போதே "எளிமையாகச் செய்துவிடுவோம்" என்று கூறிக்கொள்வது இன்று வழக்கமாகி வருகிறது. வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் அச்சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் ஆளுகின்றனர். ஒருவருக்கு எளிமை என்பது பள்ளிவாசலில் நிக்காஹ் நடத்துவது. மற்றொருவருக்கு அழைப்பிதழ் அச்சிடாமல் கைப்பேசியில் செய்தி அனுப்புவது. இன்னொருவருக்கோ மஹ்ரை ஆயிரத்தொரு ரூபாயில் முடித்துக்கொள்வது. மண்டபத்திற்கும் மேடை அலங்காரத்திற்கும் லட்சங்களை எண்ணிக் கொடுத்த கையே, ஜமாஅத்தின் தஃப்தரில் மஹ்ர் என்னும் கட்டம் வந்தவுடன் ஒரு சிறு தொகையை எழுதிவிட்டு, "மார்க்கம் எளிமையை விரும்புகிறது" என்று காரணமும் கூறுகிறது.

ஆகவே எளிமைக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலை ஃபிக்ஹு நூல்களே நமக்குத் தருகின்றன. ஷரீஅத் கடமையாக்கியதை முழுமையாக நிறைவேற்றுவது. ஸுன்னத் ஆக்கியதை அழகுறச் செய்வது. நாமாகச் சேர்த்துக்கொண்டவற்றில் மட்டும் கத்தரிக்கோலை வைப்பது. இவ்வரிசை தலைகீழாகுமானால், செலவு எவ்வளவு குறைந்தாலும் அதற்கு எளிமை என்று பெயரிட இயலாது. ஒருவருடைய உரிமையைக் குறைத்து மற்றொருவருடைய பகட்டைக் காப்பாற்றியதாகவே அது முடியும்.

ஷரீஅத் கேட்பது எவ்வளவு?

ஷாஃபிஈ மத்ஹபின்படி நிக்காஹ்வின் அடிப்படைகள் ஐந்து: மணமகன், மணமகள், வலீ எனப்படும் பொறுப்பாளர், இரு சாட்சிகள், ஈஜாப்-கபூல் என்னும் ஒப்பந்த வாசகம். ஹனஃபி மத்ஹபில் ஈஜாபும் கபூலுமே அடிப்படை, சாட்சிகள் நிபந்தனை. வலீயைப் பற்றி இரு மத்ஹபுகளுக்குமிடையே கருத்து வேறுபாடு உண்டு. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுந்து வாழும் தமிழகத்தில் இவ்வேறுபாடு யாவரும் அறிந்ததே. இவ்விரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் ஓர் உண்மை தெளிவாகிறது. நிக்காஹ் நிறைவேறுவதற்கு ஐந்தாறு மனிதர்களும் கால்மணி நேரமும் போதும். மண்டபம், மேடை, ஊர்வலம், நலங்கு, சீர்வரிசை ஆகியவற்றுள் ஒன்றேனும் அந்தப் பட்டியலில் இல்லை.

பட்டியலில் உள்ளவற்றையோ நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். பெண்ணின் சம்மதம் அவற்றுள் முதன்மையானது. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்னும் பெண்மணி, தம் தந்தை தம் விருப்பத்திற்கு மாறாகத் தமக்கு மணம் முடித்துவிட்டதாக முறையிட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அத்திருமணத்தைச் செல்லாததாக்கிய செய்தி ஸஹீஹ் புகாரியில் உள்ளது. நம்மவர் திருமணங்களில் வக்கீலும் சாட்சிகளும் மணப்பெண்ணிடம் சென்று சம்மதம் கேட்டு வருவர். சுற்றிலும் கூட்டமும் ஒப்பனையாளரும் ஒளிப்படக்காரரும் நெருக்கி நிற்க, மஹ்ர்த் தொகைகூடக் காதில் விழாத இரைச்சலில் கேட்கப்படும் சம்மதம் வெறும் சடங்காகிவிடுகிறது. திட்டமிடுவோர் முதலில் ஒதுக்கவேண்டியது, அமைதியான ஓர் அறையும் பத்து நிமிடமுமே.

மஹ்ர்: குறைக்கலாகாத கணக்கு

மஹ்ருக்கு அரபு மொழியில் 'ஸதாக்' என்றும் பெயருண்டு. உண்மையைக் குறிக்கும் 'ஸித்க்' என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரினின்று பிறந்தவை. மணக்க விரும்புகிறவனின் விருப்பம் உண்மையானது என்பதற்கு அவன் தரும் சான்றே ஸதாக் என்று மொழி அறிஞர்கள் விளக்குவர். திருக்குர்ஆன் (4:4) இதனைப் பெண்களுக்கே கொடுக்கும்படி ஆண்களைப் பணிக்கிறது. அங்கு ஆளப்பட்டுள்ள 'நிஹ்லா' என்னும் சொல், எதிர்ப்பயன் கருதாமல் மனமுவந்து தருவதைச் சுட்டும். அவள் தானே விரும்பி அதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால் ஏற்கலாம் என்றும் அதே வசனம் கூறுகிறது. தொகையை முடிவு செய்யும் கூட்டத்தில் பெண்ணின் குரலே இல்லாதபோது, அவள் விட்டுக்கொடுத்தாள் என்று எவ்வாறு கொள்வது?

நபிகளார் தம் மனைவியருக்குக் கொடுத்த மஹ்ர் பெரும்பாலும் 500 திர்ஹம் என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பால் பெறப்படுகிறது. ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. ஒரு திர்ஹமை ஏறத்தாழ 2.975 கிராம் வெள்ளியாகக் கணக்கிட்டால், 500 திர்ஹம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வெள்ளியாகும். அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி, நபிகளாரின் சார்பில் உம்மு ஹபீபா (ரலி) அவர்களுக்குக் கொடுத்ததோ 4,000 திர்ஹம். அலீ (ரலி) அவர்கள் பாத்திமா (ரலி) அவர்களுக்குத் தம் போர்க்கவசத்தையே மஹ்ராக அளித்தார்கள். ஏழ்மை மிக்க அவ்விளைஞரிடம் இருந்த மதிப்புள்ள பொருள் அதுவே.

மஹ்ரின் கீழெல்லை ஹனஃபி மத்ஹபில் 10 திர்ஹம். ஷாஃபிஈ மத்ஹபில் கீழெல்லையே இல்லை. வறியவன் மணம் செய்யமுடியாமல் போய்விடக்கூடாது என்பதற்காகத் திறந்து வைக்கப்பட்ட வாசல் அது. அதன் வழியே வசதி படைத்தவர்கள் நுழைந்து வெளியேறுவது முறையன்று. மணமகன் தன் வருவாய்க்கேற்பக் கொடுப்பது, கொடுக்கக் கூடியதை மட்டுமே எழுதுவது ஆகிய இரண்டும் இங்கு வேண்டப்படுவன. பெருமைக்காகப் பெருந்தொகை எழுதிவிட்டுக் கொடாமல் இருப்பதும் மஹ்ரைக் குறைத்ததாகவே ஆகும்.

இங்கே எழுத்தைப் பற்றிய ஓர் எச்சரிக்கை தேவை. உடனே தரப்படும் மஹ்ர் 'முஅஜ்ஜல்'. பின்னர் தரப்படுவதும் 'முஅஜ்ஜல்'. அரபியில் முன்னது 'ஐன்' எழுத்தாலும் பின்னது 'ஹம்ஸா'வாலும் எழுதப்படும். ஓர் எழுத்தில் பொருள் நேரெதிராகிவிடும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே தஃப்தரில் அரபுச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல் "உடன் தரப்பட்டது", "பின்னர் தரவேண்டியது" என்று தமிழிலும் எழுதிக்கொள்வது நல்லது. பின்னர் தரவேண்டிய மஹ்ர், கணவன் மீதுள்ள கடன். அவன் இறந்துவிட்டால் அவனது சொத்து வாரிசுகளுக்குப் பங்கிடப்படுவதற்கு முன் அக்கடன் தீர்க்கப்பட வேண்டும். தெளிவற்ற ஒரு சொல், பின்னாளில் ஒரு விதவையின் உரிமையை அழித்துவிடக் கூடும்.

கைக்கூலியைப் பற்றித் தனியே விரித்துரைக்க வேண்டியதில்லை. மஹ்ர் ஆணிடமிருந்து பெண்ணுக்குச் செல்ல, கைக்கூலி அத்திசையைத் திருப்பிவிடுகிறது. 1961-ஆம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச் சட்டம் வரதட்சிணைக்கு வரையறை தரும்போது, முஸ்லிம் தனியார் சட்டத்திற்கு உட்பட்டோரின் மஹ்ரை அதிலிருந்து வெளிப்படையாக விலக்கியுள்ளது. நாட்டின் சட்டமும் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை. பள்ளிவாசலில் பேரீச்சம்பழம் மட்டும் வழங்கி எளிமையாக நடந்த நிக்காஹ்வுக்குப் பின்னால், வீட்டுமனையும் வாகனமும் நகையும் ஓசையின்றிக் கைமாறியிருக்குமானால், அங்கே எளிமை மணமகன் வீட்டாருக்கு மட்டுமே வாய்த்தது.

நபிகளார் காலத்து விருந்துகள்

தமிழ் முஸ்லிம்கள் போற்றும் சீறாப்புராணத்தில் உமறுப்புலவர், நபிகளாருக்கும் கதீஜா நாயகியாருக்கும் நிகழ்ந்த திருமணத்தை 'மணம்புரி படலம்' என ஒரு தனிப் படலமாகவே பாடியுள்ளார். காவிய மரபுக்குரிய அலங்காரங்கள் அதில் உண்டு. ஹதீஸ் ஏடுகள் காட்டும் திருமணக் காட்சிகளோ முற்றிலும் வேறானவை.

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் ஆடையில் மஞ்சள் நிற நறுமணத்தின் தடத்தைக் கண்டு நபிகளார் வினவிய பின்னரே, அவருக்குத் திருமணமான செய்தி தெரியவந்தது. மதீனா ஒரு சிற்றூர். மணமகனோ நபிகளாரின் நெருங்கிய தோழர். தமக்கு அழைப்பில்லையே என்று நபிகளார் வருந்தவில்லை. பரக்கத்துக்காக வாழ்த்தினார்கள்; ஓர் ஆட்டையேனும் அறுத்து விருந்தளிக்கும்படி கூறினார்கள். "அவரை அழைக்கவில்லையே, இவர் கோபித்துக்கொள்வாரே" என்று பட்டியலை ஆயிரமாக்கும் நமக்கு இந்நிகழ்ச்சியில் பாடமுண்டு.

நபிகளாரின் சொந்த வலீமாக்களும் ஒரே அளவில் அமையவில்லை. ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது, பயண வழியில் தோல் விரிப்பை விரித்து, பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும் பரிமாறப்பட்டன. ரொட்டியோ இறைச்சியோ இல்லை. ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவில் ஓர் ஆடு அறுக்கப்பட்டது. தம் மனைவியர் வேறெவருக்கும் அவ்வளவு சிறப்பாக நபிகளார் விருந்தளித்ததில்லை என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். மற்றொரு மனைவிக்கு அளித்த வலீமாவில் இரண்டு 'முத்து' அளவு வாற்கோதுமை மட்டுமே. 'முத்து' என்பது இரு கை நிறைய அள்ளும் அளவு. இருக்கும் நிலைக்கேற்ப விருந்து என்பதே இவற்றிலிருந்து நாம் பெறும் விதி. கடன் வாங்கி அளிக்கப்பட்ட விருந்து எதையும் இவ்வரிசையில் காணமுடியவில்லை.

மகிழ்ச்சிக்குத் தடையுமில்லை. ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் மணநாளில் சிறுமியர் தஃப் அடித்துப் பாட, நபிகளார் அங்கே அமர்ந்திருந்தார்கள். நல்ல ஆடையையும் காலணியையும் ஒருவர் விரும்புவது பெருமையாகுமா என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ் அழகை விரும்புகிறவன் என்றும், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் நபிகளார் விளக்கினார்கள். எளிமைக்கும் அழகுக்கும் பகையில்லை. எளிமைக்குப் பகையாவது போட்டி.

நகரத்தில் திட்டமிடும் முறை

இனி நடைமுறைக்கு வருவோம். செலவையும் களைப்பையும் தீர்மானிக்கும் முதற்காரணி விருந்தினரின் எண்ணிக்கை. மண்டபத்தின் அளவு, வாகனம் நிறுத்துமிடம், சமையல், பரிமாறுவோர், அன்பளிப்புப் பை அனைத்தும் அதனையே பின்தொடர்கின்றன. பிரியாணிக்கு ஒரு கிலோ அரிசியில் எட்டு முதல் பத்துப் பேர் உண்பர் என்று வைத்துக்கொள்வோம். இருநூறு பேருக்கு 20 முதல் 25 கிலோ அரிசி. ஆயிரம் பேருக்கு 100 முதல் 125 கிலோ. அரிசிக்குச் சமமாக இறைச்சியும் இட்டுச் சமைப்பது நம் வழக்கம் என்பதால் வேறுபாடு இரட்டிப்பாகும். ஆகவே மண்டபத்தைப் பதிவு செய்துவிட்டு அதற்கேற்ப ஆட்களைச் சேர்க்கலாகாது. பெயர்ப் பட்டியலை எழுதி முடித்த பிறகே இடம் தேட வேண்டும்.

பட்டியலைச் சுருக்குவதற்கு ஃபிக்ஹிலேயே நியாயமுண்டு. வலீமா அழைப்பை ஏற்பது ஷாஃபிஈ மத்ஹபில் கட்டாயம். ஹனஃபி மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட ஸுன்னத். எனவே அரைகுறையாக அறிமுகமானவரை அழைப்பது, போக்குவரத்து நெரிசல் மிகுந்த நகரத்தில் அவர் மீது ஒரு சுமையை ஏற்றுவதாகும். இமாம் நவவீயின் 'மின்ஹாஜ்' நூல் இரு செய்திகளைத் தருகிறது. செல்வர்களை மட்டும் பொறுக்கி அழைத்த விருந்துக்குச் செல்வது கடமையில்லை என்பது ஒன்று. விருந்து பல நாள் தொடருமானால் இரண்டாம் நாள் செல்வது கடமையில்லை, மூன்றாம் நாள் செல்வது வெறுக்கத்தக்கது என்பது மற்றொன்று. நிச்சயதார்த்தம், மருதாணி இரவு, நிக்காஹ், வரவேற்பு, வலீமா, மறுவீடு என்று நீளும் நம் நிரலை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இடத்தைப் பொறுத்தவரை, பள்ளிவாசலில் நிக்காஹ் நடத்துவதே சிறப்பு. திருவல்லிக்கேணியின் வாலாஜா பள்ளிவாசல் போன்ற பழம்பெரும் பள்ளிகள் உள்ள நகரத்தில், அழகுக்காக வேறு மேடை அமைக்க வேண்டியதில்லை. அஸ்ருத் தொழுகைக்குப் பின் நிக்காஹ் என்று குறித்தால், ஜமாஅத்தாரே சாட்சிக் கூட்டமாகிவிடுவர். ஆனால் இதில் ஒரு குறையைச் சரிசெய்தாக வேண்டும். பல பள்ளிகளில் பெண்களுக்கு இடமில்லாததால், மணமகளும் அவளைப் பெற்றவளும் தம் வீட்டு நிக்காஹ்வைக் கேட்கவும் முடிவதில்லை. பெண்களுக்கு இடமுள்ள பள்ளியைத் தேர்ந்தெடுப்பது நலம். இயலாவிட்டால் அருகிலுள்ள சிறு கூடத்தில் ஒலிபெருக்கி இணைப்பையாவது ஏற்பாடு செய்ய வேண்டும். குத்பாவில் ஓதப்படும் வசனங்கள் மூன்று இடங்களிலிருந்து (3:102, 4:1, 33:70-71) எடுக்கப்பட்டவை. மூன்று இடத்திலும் பொதுவாக உள்ள கட்டளை இறையச்சமே. அவற்றின் பொருளைத் தமிழில் ஐந்து நிமிடம் எடுத்துரைத்தால் வந்தவர்கள் ஏதேனும் பெற்றுச் செல்வர்.

மண்டபம் தேவைப்படுமாயின், வாடகையை மட்டும் கேட்டு ஒப்புக்கொள்ளலாகாது. மின்சாரம், துப்புரவு, ஜெனரேட்டருக்கான டீசல் ஆகியவை தனிக்கணக்காக வருவதுண்டு. அலங்காரமும் சமையலும் தாங்கள் சொல்பவரிடமே தரவேண்டும் என்று நிபந்தனை விதிப்போரும் உண்டு. இவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்வது பின்னாளைய பிணக்கைத் தவிர்க்கும்.

விருந்தைப் பற்றி: சீரகச் சம்பா பிரியாணி, தால்ச்சா, தயிர்ப் பச்சடி, ஓர் இனிப்பு. நம் 'கல்யாண பிரியாணி' பெயர்பெற்றது இவ்வளவிலேயே. பதினைந்து வகைப் பண்டங்களை வரிசையாக வைப்பதால் உண்பவரின் வயிறு பெரிதாவதில்லை. எறியப்படும் உணவே பெருகுகிறது. உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்னும் கருத்தமைந்த வசனம் (7:31) விருந்து மண்டபத்திற்கே மிகப் பொருந்தும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஒரு ஸஹனைச் சுற்றிச் சிலர் அமர்ந்து உண்ணும் வழக்கம், மிச்சத்தைக் குறைப்பதோடு ஏற்றத்தாழ்வையும் குறைக்கிறது. செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவே உணவுகளில் தீயது என்னும் கருத்துள்ள ஹதீஸை நினைவில் கொண்டு, பள்ளியின் முஅத்தினையும், வீட்டுப் பணிப்பெண்ணையும், அடுக்குமாடிக் காவலரையும் குடும்பத்தோடு அழைத்து, எல்லோரும் உண்ணும் பந்தியிலேயே அமர்த்த வேண்டும். மீந்த உணவை எந்த மத்ரஸா விடுதிக்கு, எவர் மூலம் அனுப்புவது என்பதையும் முதல் நாளே பேசி வைக்க வேண்டும். இரவு பதினோரு மணிக்கு மேல் இடம் தேடினால் உணவு கெட்டுவிடும்.

மணமக்களின் ஓய்வும் திட்டத்தில் இடம்பெற வேண்டும். ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவில் சிலர் உண்ட பின்னும் எழாமல் பேசிக்கொண்டிருந்த சூழலில்தான், உண்டதும் கலைந்து செல்லும்படி அறிவுறுத்தும் வசனம் (33:53) இறங்கியது. இல்லத்தாரின் களைப்பைக்கூடக் கருத்திற்கொண்ட மார்க்கம் இது. மணமக்களை மூன்று மணி நேரம் மேடையில் நிறுத்தி, ஒவ்வொரு குடும்பத்தோடும் படம் எடுத்து, அவர்கள் ஒரு கவளம்கூட உண்ணவிடாமல் செய்வது விருந்தோம்பலில் சேராது. நிகழ்ச்சிக்குத் தொடக்க நேரம் குறிப்பது போல முடிவு நேரமும் அழைப்பிதழில் குறித்தால் எல்லோருக்கும் நலம்.

பதிவு: விட்டுவிடக் கூடாத இறுதிப் படி

தஃப்தரில் எழுதியதோடு பதிவு முடிந்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, தனியார் சட்டத்தின் கீழுள்ள பதிவேட்டில் ஏற்றப்பட்ட திருமணமும் அரசுப் பதிவாளரிடம் பதிவு செய்யப்பட வேண்டும். அதற்கான காலம் திருமண நாளிலிருந்து 90 நாள். அது தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள். மணமக்களுக்குக் கிடைக்கும் அன்பளிப்புகளைப் பட்டியலிட்டுக் கையொப்பமிட்டு வைப்பதற்கும் 1985-ஆம் ஆண்டு முதல் விதிகள் உள்ளன. ஒப்பந்தத்தை எழுதிவைக்கும் பண்பைத் திருக்குர்ஆனே (2:282) கடன் விஷயத்தில் கற்பிக்கிறது. மஹ்ரில் ஒரு பகுதி கடனாக நிற்கும் திருமணத்தில் அப்பண்பு இன்னும் தேவை.

"ஊர் என்ன சொல்லும்?"

இவற்றையெல்லாம் ஏற்பவர்களும் இறுதியில் நின்றுவிடும் இடம் இது. "எங்களுக்கு ஒரே மகள்" என்பர், "நாங்கள் எத்தனையோ வீட்டில் உண்டிருக்கிறோம், திருப்பிச் செய்ய வேண்டாமா?" என்பர். இரண்டும் அன்பிலும் நன்றியிலும் பிறந்த வாதங்கள்; ஏளனம் செய்யத் தக்கவையல்ல. ஆனால் ஒரே மகளுக்குச் செய்ய நினைக்கும் சிறப்பை, ஒரே இரவில் வாடிவிடும் மேடைப் பூக்களில் செய்வதா, அவள் பெயரில் நிலைத்து நிற்கும் உரிமைகளில் செய்வதா என்று தந்தை எண்ணிப் பார்க்க வேண்டும். நன்றிக்கடனை ஆண்டு முழுவதும் சிறு சிறு விருந்துகளாகத் தீர்க்க முடியும். திருமண நாளில் ஒட்டுமொத்தமாகத் தீர்த்தாக வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை.

இதில் முதலடி எடுத்து வைக்க வேண்டியவர் வசதி படைத்தவரே. வறியவர் எளிமையாகச் செய்தால் இல்லாமை என்று ஊர் பேசும். செல்வர் செய்தால் அது வழக்கமாகும். தெருவில் ஒரு வீடு ஆயிரம் பேரை அழைத்தால், அடுத்த வீட்டில் மகளை வைத்திருப்பவர் வட்டிக்கடைப் படியேறுகிறார். நம் வீட்டு விருந்தின் செலவை நாம் மட்டும் தருவதில்லை. நம்மைப் பார்த்துச் செய்கிறவர்களும் தருகின்றனர்.

திருக்குர்ஆன் திருமணத்தை 'மீஸாக்குன் கலீழ்' (4:21), உறுதிமிக்க உடன்படிக்கை, என்கிறது. உடன்படிக்கை எழுதுகிறவர்கள் முதலில் அதன் வாசகத்தைப் பார்ப்பர். எழுதும் மேசையின் அலங்காரத்தைப் பிறகே பார்ப்பர். சம்மதம், மஹ்ர், சாட்சி, பதிவு, வலீமா என்னும் ஐந்தையும் முதற்பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உரிய நேரத்தையும் பொருளையும் ஒதுக்கிய பின், எஞ்சியதைக் கொண்டு மற்றவற்றைச் செய்துகொள்ளட்டும். அவ்வாறு அமையும் நிக்காஹ், எத்தனை பேர் வந்திருந்தாலும், எளிமையானதாகவே இருக்கும்.